தாடி வரிசை

பிப்ரவரி 9

ஓவியர் அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் 'அடுத்த பஸ்' காமிக்ஸ் இரண்டு இதழ்களையும் அச்சகத்தில் தாள் தாளாக அடுக்கி, ஓரத்தில் பின் அடித்து, அட்டை ஒட்டிக் கொடுத்தவன் நான். பைண்டிங் மேஜையில் இருந்தேனே, எப்போதும் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவன். அங்கே என்னைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகப் போகிறது.

இது என் வாழ்க்கையில் நான் எழுதும் முதல் கடிதம். ஒரு பக்கத்துக்கு நாலு நாள் பிடிக்கிறது. பரவாயில்லை. அவசரப்படாமல் இருப்பது எப்படி என்று உங்கள் புத்தகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

முப்பத்தொரு வருடம் புத்தகம் கட்டினேன். உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை நானே படித்த முதல் புத்தகம் உங்களுடையது. ஒவ்வொரு வேலையிலும் மை பரவியதோ மூலை மடங்கியதோ ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்து வருவேன். அப்படிப் பரணில் கிடந்தவை இந்த இரண்டும். தாடிக்காரனும் குட்டையனும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பஸ்ஸாக விட்டுவிட்டு 'அடுத்ததுல போலாம்' என்கிறார்கள். எங்கே போக வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வேலைக்கு விண்ணப்பம் எழுதி, அதையே கப்பலாக மடித்து, கப்பல் நன்றாக வந்துவிட்டது என்பதற்காக அனுப்பாமல் வைத்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். மருமகள் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். 'யாருமே இல்லையே மாமா, எதுக்குச் சிரிக்கிறீங்க' என்றாள். புத்தகத்தைக் காட்டினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்பது பெரிய கதை.

ஒருத்தருக்கும் உபயோகமில்லாத இரண்டு பேர். புத்தகம் முழுவதும் அவர்களை யாரும் விரட்டவில்லை. படிக்கும்போது எனக்கு முதுகு சாய்த்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பின்னட்டையில் 'எங்களுக்கு எழுதுங்கள்' என்று தபால் பெட்டி எண் போட்டிருக்கிறீர்கள். அத்தனை பிரதிகளிலும் அந்த அட்டையை என் கையால் ஒட்டினேன். எழுதச் சொல்லியிருக்கிறீர்கள் என்று போன மாதம்தான் தெரிந்தது.

மூன்றாம் இதழ் எப்போது வரும்? இரண்டாம் இதழில் சில இடங்களில் பதில் முதலில் வருகிறது, கேள்வி ஆறு பக்கம் கழித்து வருகிறது. அதைப் பற்றியும் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கை வலிக்கிறது. பிறகு.

பைண்டிங் மேஜைக்காரன்


பிப்ரவரி 21

கண்ணாடி ஐயாவுக்கு,

தபால் பெட்டியை மூடிவிடலாம் என்று படிவம் வாங்கப் போயிருந்தேன். உள்ளே உங்கள் கடிதம். இரண்டு வருடத்தில் அதற்கு வந்த ஒரே கடிதம். கையெழுத்தைப் பார்த்து யாரோ குழந்தை எழுதியது என்று நினைத்தேன். கை நடுங்குகிறதா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சிரித்த இடத்தை எடுத்துப் பார்த்தேன். ரொம்ப நாள் கழித்து அந்தப் புத்தகத்தைத் தொட்டேன். நன்றி.

மூன்றாம் இதழ் கிடையாது. காரணத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். படம் நான் வரைவேன். வசனம் யோசித்து, பலூனுக்குள் தன் கையாலேயே எழுதுவது என் தம்பி. அந்தத் தாடிக்காரனே அவன்தான். இரண்டாம் இதழின் கதை காலத்தில் முன்னும் பின்னுமாகப் போகும். பஸ் நிறுத்தத்தில் ஆரம்பித்து, அவன் டை கட்டிக்கொண்டு முதல் நாள் வேலைக்குக் கிளம்பும் காலையில் முடியும். பக்க எண் போட எனக்குப் பிடிக்காது. அதனால் வரிசையை அவனையே ஒரு தாளில் எழுதச் சொல்லி, உங்களிடம் கொடுக்க அனுப்பினேன். அவன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டான்.

நான் அச்சகத்துக்கு வந்து கத்தினேனே, நினைவிருக்கிறதா? 'தம்பி குடுத்தபடியேதாம்மா அடுக்கினேன், தாள் எதுவும் தரல' என்று நீங்கள்தான் சொன்னீர்கள். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய் அவனைக் கேட்டால், தாளைக் கொடுத்தேன் என்று சாதித்தான். பிறகு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, 'இப்படியும் நல்லாத்தான்க்கா இருக்கு' என்றான். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்று வீட்டை விட்டுப் போனவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது.

இப்போது வாட்டர் ஹீட்டர் கம்பெனியில் கையேடுகளுக்குப் படம் போடுகிறேன். திருகாணி திருப்பும் கை, குழாய் பிடிக்கும் கை. முகம் வரைய வேண்டிய அவசியமே இல்லை.

ஓவியர்


மார்ச் 8

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படிக்க இரண்டு நாள். படித்த பிறகு ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை.

மூன்றாம் இதழ் இல்லை என்று நீங்கள் சொல்வதற்கு முன்பே அதைத் தேடிக் கிளம்பியிருந்தேன். பெரிய தெருவில் இருக்கும் புத்தகக் கடையில் கேட்டேன். 'அந்த மாதிரி தனியாளுங்க போடுறதெல்லாம் இங்க வராது பெரியவரே, சாவி வெட்டுற கடைக்கு மேல போய்ப் பாருங்க' என்றார்கள். சாவி வெட்டுகிறவரின் முதுகை உரசிக்கொண்டுதான் மாடிப்படி ஏற முடிகிறது. மேலே ஒரே ஒரு அறை. கடைக்காரப் பெண் தரையில் உட்கார்ந்து வெற்றிலை அளவுப் புத்தகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா, இப்படி ஒரு உலகம் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே. ஒரு புத்தகம் முழுக்க ஒருத்தன் ஒரு நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறான். நாற்பது பக்கம் நடக்கிறான். கால் வலித்தால் அதிலேயே உட்கார்ந்துகொள்கிறான். கடைசியில் கடை எதிரிலேயே உட்கார்ந்து கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இன்னொன்றில் ஒருத்தி வேண்டுமென்றே தப்பான ஆபீசுக்கு இன்டர்வியூவுக்குப் போகிறாள். எல்லாம் ஜெராக்ஸ். பின் அடித்தது பாதி கோணல், என்னிடம் கொடுத்திருந்தால் நேராக அடித்துக் கொடுத்திருப்பேன். ஐந்து தடவை போய்விட்டேன். பேசாமல் படித்துக்கொண்டிருக்க விடுகிறாள். அந்தப் பெண்ணுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

நேற்று ஜன்னலடிப் பெட்டியில் ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. பெயர் இல்லை. படம் ரொம்ப மோசம், இரண்டு தீக்குச்சி மனிதர்கள். எழுதியவர் யாரென்று அட்டையில் இல்லை. ஆனால் பலூனுக்குள் இருக்கும் எழுத்து எனக்குத் தெரியும். நான் எழுத்தென்று பழகியதே அந்தக் கையெழுத்தில்தான். உங்கள் தம்பி எழுதும் 'ற'வின் கால் பலூனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அச்சில் வந்ததைவிட அதைத்தான் வேகமாகப் படிப்பேன். ஒரு தீக்குச்சி கேட்கிறது, 'நமக்கு மூஞ்சி எப்ப வரும்?' மற்றது சொல்கிறது, 'வரையத் தெரிஞ்சவங்களுக்குக் கோபம் தீரட்டும்.'

இரண்டு பிரதி வாங்கி ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஒருத்தர் வந்து வைத்துவிட்டுப் போகிறாராம்.

உங்களிடம் சொல்ல வேண்டியதை இதிலும் சொல்லவில்லை. தெரிகிறது.

பைண்டிங் மேஜைக்காரன்


மார்ச் 15

ஐயா,

அவன்தான். வேறு யாரும் இல்லை. ஆபீஸ் கழிவறையில் நின்று படித்தேன்.

நல்ல இடத்தில் இருக்கிறானா, சாப்பிடுகிறானா என்றெல்லாம் தோன்றத்தான் செய்கிறது. ஆனால் ஏமாற்றப்பட்டவள் நான், அவன் இல்லை. என் கோபம் தீரட்டும் என்று எழுதுகிறானே, தான் செய்ததைப் பற்றி ஒரு வரி எழுதினானா? 'ஆமாக்கா, நான்தான் மாத்தினேன்' என்று ஒரே ஒரு தடவை சொல்லட்டும். அன்றைக்கே பேசுவேன். அதுவரை நானாகப் போக மாட்டேன்.

நீங்கள் ஏதோ சொல்ல வேண்டும் என்று முதல் கடிதத்திலிருந்தே இழுக்கிறீர்கள். சொல்லிவிடுங்களேன்.

ஓவியர்


மார்ச் 27

அம்மா,

உறைக்குள் உங்கள் தம்பி எழுதிய தாள் ஒன்று இருக்கிறது. முதலில் அதைப் படியுங்கள். பிறகு இதைப் படிக்கலாம்.

தம்பி தாள் கொடுத்தார். அவர் சொன்னது உண்மை. நான் சொன்னது பொய்.

எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. எண் தெரியும், எழுத்து தெரியாது. பக்க எண் இருந்தால் போதும், எந்தப் புத்தகத்தையும் அடுக்கிவிடுவேன். ஏதாவது சீட்டு வந்தால் தாள் வெட்டும் மெஷின்காரரிடம் நீட்டி, 'கண்ணாடி கொண்டு வரல, கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா' என்பேன். ஓய்வு பெற்ற அன்று எல்லாரும் சேர்ந்து, கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிடும் கயிறு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். என் கண் இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்கும்.

உங்கள் வேலை வந்த அன்று மெஷின்காரர் லீவு. இருபத்திநான்கு பக்கத்திலும் எண் இல்லை. தாளில் இருந்தது எனக்கு வெறும் கோடும் சுழியும். வேறு யாரிடமும் கேட்க வெட்கம். பக்கங்களை மேஜையில் பரப்பிவைத்துப் பார்த்தேன். ஒன்றில் அந்த ஆளுக்கு மழமழவென்று முகம். ஒன்றில் லேசாக முளைத்திருந்தது. ஒன்றில் நெஞ்சுவரை. தாடி எந்த மனிதனுக்கும் நாளாக நாளாக நீளத்தானே செய்யும் என்று, அதன் நீளத்தைப் பார்த்து அடுக்கினேன். இரண்டு பக்கத்தில் சந்தேகம் வந்தபோது ஸ்கேல் வைத்து அளந்தேன். உண்மையைச் சொன்னால், ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டேன் என்று அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நீங்கள் வந்து கேட்டபோது முதலாளி பக்கத்தில் நின்றார். ஓய்வுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. கடைசி நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று நினைத்தேன். தாள் என் சட்டைப் பையில் இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டுதான் தாள் தரவில்லை என்று சொன்னேன். அக்கா தம்பி சண்டை, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வீட்டை விட்டே போய்விட்டார் என்பது உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது.

தாளைக் கிழித்துப் போடக் கை வரவில்லை. எழுதியிருக்கும் எதையும் நான் கிழித்ததில்லை. நூலகத்தில் செவ்வாய்க்கிழமை வகுப்பில் சேர்ந்து, எழுத்துக் கூட்ட வந்ததும், முதலில் அதைத்தான் எடுத்தேன். ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. இருபத்திநான்கு வரி வரிசை. கீழே தனியாக ஒரு வரி இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 'ஐயா, அக்கா ரெண்டு வருஷம் உக்காந்து வரைஞ்சது. பாத்து அடுக்குங்க.'

படிக்கத் தெரிந்ததற்காக அன்று ஒரு நாள்தான் வருத்தப்பட்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.


ஏப்ரல் 4

ஐயா,

தாளைப் படித்தேன்.

அன்று அவனிடம் நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியாது. 'ஒரு தாளைக் கொண்டுபோய்க் குடுக்கக்கூட லாயக்கில்லாதவன்டா நீ.' லாயக்கில்லாதவன் என்பது எங்கள் அப்பா அவனைத் தினமும் கூப்பிட்ட பெயர். என் வாயிலிருந்து அது வராது என்று நம்பித்தான் அவன் என்னோடு இருந்தான். அவன் வசனம் எழுதியதே அந்த நம்பிக்கையில்தான். ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தடுக்கவில்லை. சட்டைப் பையில் தாளோடு நீங்கள் அச்சகத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

படிக்கத் தெரியாதது தப்பு என்று நான் சொல்வேனா? என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உங்கள் மேஜையிலேயே உட்கார்ந்து நானும் சேர்ந்து அடுக்கியிருப்பேன். உங்கள் மானம் போகாமல் இருக்க என் தம்பியின் மானத்தை எடுத்துக்கொண்டீர்கள். அவன் உங்களை 'ஐயா' என்று எழுதியிருக்கிறான்.

இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.


மே 5

அம்மா,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். இது கடிதம் இல்லை. உறைக்குள் ஒரு முகவரி இருக்கிறது, அதற்குத் துணையாக வரும் தாள், அவ்வளவுதான். கொஞ்சம் நீண்டுவிட்டது.

முதலில் உங்களுக்கு ஒரு நன்றி. இதுவரை எனக்கு வந்த கடிதங்களை யாராவதுதான் படித்துக் காட்டுவார்கள். படிக்கிறவர் நடுவில் நிறுத்துவார், தொண்டையைச் செருமுவார், தாண்டிப் போவார். என்ன தாண்டினார் என்று எனக்குத் தெரியாது. என் மனைவி இறந்தபோது மச்சான் எழுதிய கடிதத்தில் அப்படி மூன்று இடம். எனக்கு வர வேண்டிய திட்டெல்லாம் வடிகட்டியேதான் வந்தது. உங்கள் கடிதத்தை நானே படித்தேன். ஒரு எழுத்து விடவில்லை. 'லாயக்கில்லாதவன்' நீளமான வார்த்தை, கூட்டிக் கூட்டித்தான் படிக்க முடிந்தது. அதனால் அதில் ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருந்தது. நிற்க வேண்டியதுதான்.

முதல் சனிக்கிழமை காலையிலேயே போய் சாவிக் கடை மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரப் பெண் டீ வாங்கிக் கொடுத்தாள். பதினொரு மணிக்கு உங்கள் தம்பி வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, கண்ணாடி எங்கே ஐயா என்றார். அதிலிருந்தே ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் படியில் உட்கார்ந்துவிட்டார். ஏறி இறங்குகிறவர்கள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். நடுவில், சம்பந்தமே இல்லாமல், பக்கத்து வீட்டுக் கேட்டில் தொங்கும் பலகையில் இருப்பது வீட்டுக்காரர் பெயர் என்று பதினெட்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன், போன வருடம்தான் அது 'நாய் ஜாக்கிரதை' என்று தெரிந்தது என்றேன். அதற்குச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு, "அக்கா அந்தத் தாளைப் படிச்சிட்டாளா?" என்றார்.

"படிச்சிட்டாங்க."

"கடைசி வரியும்?"

"கடைசி வரியும்."

கொஞ்ச நேரம் செருப்பு வாரையே இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் திட்டியது இதைவிடச் சுலபமாக இருந்தது. சலவை நிலையம் ஒன்றில், சட்டைகளில் குத்தும் சீட்டில் பெயர் எழுதும் வேலையாம். அதற்கு மேல்மாடியில் ஒரு அறை. முகவரியை அவரே எழுதிக் கொடுத்தார். 'வரச் சொல்லல. எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க' என்றார்.

சொல்லிவிட்டேன்.


மே 29

ஐயாவுக்கு,

மூன்று வாரம் அந்த முகவரியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நேற்று போனேன்.

உங்கள் மேல் கோபம் முழுதாக ஆறவில்லை. ஆறிவிட்டது என்று எழுதினால் நானும் பொய் சொன்னதாகிவிடும். ஆனால் அந்தத் தாளை நீங்கள் கிழித்துப் போட்டிருந்தால் எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. என் கடிதம் வந்த பிறகும் பேசாமல் இருந்திருக்கலாம். உங்கள் மேல் தப்பில்லை என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். நீங்கள் சும்மா இருக்கவில்லை. அதற்கு நன்றி. இந்த வார்த்தையை எழுதிவிட்டு, அடிக்கலாமா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கட்டும்.

சலவை நிலையத்தின் பக்கவாட்டில் இரும்புப் படி. கைப்பிடிக் கம்பி ஆவியில் சுடுகிறது. என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது ஒன்றுக்கு மூன்று விதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 'அன்னைக்கு நான் சொன்னது' என்று ஆரம்பிக்கும் ஒன்று. 'அப்பா மாதிரி' என்று ஆரம்பிக்கும் ஒன்று. கதவைத் தட்டினேன். கையில் நீங்கள் அனுப்பிய தீக்குச்சிப் புத்தகம்.

திறந்தான். இளைத்திருக்கிறான். என்னைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான். எனக்கு மூன்றும் மறந்துபோயிற்று.

"படம் எப்படி இருக்கு?" என்றான்.

"கேவலமா இருக்கு" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, வாசலை விட்டு நகர்ந்தான்.

இப்படிக்கு,
அக்கா